வக்கீலின் வயிற்றுப் பட்டை

மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் நைலான் பட்டையின் நுனியைக் காட்டிக்கொண்டிருந்தன இரண்டு கைகள். நுனி உருகிப் பளபளத்ததும், கட்டைவிரல் அதைத் தகரத்தில் வைத்து அழுத்தி வழவழப்பாக்கியது. சுட்டாலும் விரல் விலகவில்லை, பழகிய சூடு. பிறகு அந்த நுனி பக்கிளுக்குள் நுழைந்து மறுபக்கம் நாக்கு நீட்டியது.

வழக்கமாக இந்த இடத்தில் தையல்காரம்மா நுனியை இரண்டாக மடித்துத் தைப்பாள். பட்டை வழுக்கினாலும் அந்தத் தடிப்பு பக்கிளில் முட்டி நின்றுவிடும். மலையேறுகிறவர்களின் பைகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்தாள். ஆனால் இது பை அல்ல, நாய்க்கான பெல்ட். தடிப்பு தோலில் உராய்ந்து புண்ணாக்கிவிடுமே என்று, இந்த ஒரு தடவை மடிக்காமல் விட்டாள். எல்லாம் நாயின் மேல் இருந்த கரிசனம்தான்.

மேல் ஏரியில் நீர்மட்டம் பார்க்கும் ஏரிக்காவலர் சொல்லிவைத்த வேலை அது. அவருடைய நாய்க்குப் பின்னங்கால் ஒன்றில் பலமில்லை. மார்பையும் வயிற்றையும் சுற்றி ஒவ்வொரு பட்டை, முதுகில் ஒரு கைப்பிடி; பாறை வரும் இடத்தில் பிடித்துத் தூக்கிவிடலாம். எதைச் சொன்னாலும் எதிர்த்துக் குரைப்பதால் நாய்க்கு வக்கீல் என்று பேர். கண் பரிசோதனைக்கு ஊருக்குள் வந்தவர் அதை இவளிடம் விட்டுவிட்டுப் போனார்.

"போட்டு அளவு பாத்துக்கோங்கம்மா. நாளைக்குச் சாயங்காலம் வந்து ரெண்டையும் வாங்கிக்கிறேன். இவன் இல்லாட்டி மேல எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது."

தையல்காரம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சோதித்துப் பார்க்காத சாமான் அவள் வாசலைத் தாண்டாது. பையென்றால் செங்கல்லை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவாள். நாய் பெல்ட்டை எங்கே சோதிப்பது? படிக்கட்டு பாறையாகாது. மலைக்குத்தான் போயாக வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. மலைக்குப் போகிற பைகளைத் தைத்தாளே தவிர, அவள் மலைக்குப் போனதில்லை. பல்பு மாற்ற முக்காலியில் ஏறினாலே முழங்கால் ஆட்டம் காணும். ஆழமான தண்ணீரைப் பார்த்தால் அது தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். தனியாகப் போகத் தைரியம் வராமல், பள்ளிக்கூட வேன் ஓட்டும் நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதுமே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன அண்ணி, இப்பவே கண்ண மூடிட்டீங்க? ஏரி இன்னும் வரவே இல்ல."

"நீ வாய மூடு. நான் கண்ணத் திறக்கிறேன்."

வக்கீல் இரண்டு பேரையும் எதிர்த்துக் குரைத்தது.

கீழ் ஏரி சாதுவாகத்தான் இருந்தது. கரையோரம் அகலமான பாதை. தையல்காரம்மாவுக்குக்கூடக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கு மேலே பாதை ஒரு சரிந்த பாறையின் குறுக்கே போயிற்று. ஒரு பக்கம் சுவர்போல மலை. அதில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புச் சங்கிலி. மறு பக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே அதே கீழ் ஏரி, கறுப்பாக.

தையல்காரம்மா முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு கையில் சங்கிலி, மறு கையில் நாயின் கைப்பிடி. நண்டு போல பக்கவாட்டில் நகர்ந்தாள். பெல்ட் கச்சிதமாக நின்றது.

"பெல்ட் பாஸ், அண்ணி பெயில்" என்றாள் முன்னால் போன நாத்தனார்.

மேல் ஏரிக்கு வந்ததும் வக்கீல் தண்ணீரில் பாய்ந்து நீந்தியது. கால் பலமில்லாத நாய் தண்ணீருக்குள் ராஜாவாகிவிட்டது. தையல்காரம்மா கரையிலிருந்து தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அந்த ஏரியின் நீலம் அவள் கண்ணில் விழவேயில்லை. திரும்பிப் போக வேண்டிய பாறைதான் மனசுக்குள் நின்றது.

அவர்கள் கிளம்பும்போது மூடுபனி இறங்கியிருந்தது. பாறையின் நடுவில் முன்னால் போகிறவளின் முதுகுகூடத் தெரியவில்லை.

"அண்ணி, வர்றீங்களா?"

"வர்றேன். பேசிக்கிட்டே போ. நிறுத்தாத."

சொல்லி வாய் மூடவில்லை, நாயின் பின்னங்கால் வழுக்கியது. பாறை விளிம்பைத் தாண்டி அதன் உடம்பு அப்படியே தொங்கியது. கைப்பிடி அவள் தோளைப் பிடுங்குவது போல இழுத்தது. நனைந்த வயிற்றுப் பட்டை, மீன் போல, பக்கிளுக்குள் நழுவ ஆரம்பித்தது. அவள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய நுனி பக்கிளை நோக்கி ஊர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்தாள். அதைத் தடுத்து நிறுத்த அங்கே எந்தத் தடிப்பும் இல்லை. என்ன தப்புச் செய்தோம் என்று அந்த நொடியில் விளங்கிவிட்டது. விளங்கி என்ன பயன்? நுனி பக்கிளுக்குள் புகுந்து வெளியே விழுந்தது.

வயிறு விடுபட்டதும் நாய் செங்குத்தாகத் தொங்கியது. மார்புப் பட்டை மட்டும் தொண்டையை நெரித்தது. எதற்கும் குரைக்கிற வக்கீல் ஒரு சத்தமும் போடவில்லை. அண்ணாந்து அவளையே பார்த்தது.

கீழே ஏரி கூப்பிட்டது.

ஒரு கையால் தூக்க முடியாது. மறு கைக்குச் சங்கிலியை விட்டாக வேண்டும். சங்கிலியை விட்டாள். விளிம்பில் குப்புற விழுந்து, வாழ்க்கையில் பார்க்கவே கூடாது என்று இருந்த அந்தப் பள்ளத்துக்கு நேராக முகத்தை நீட்டினாள்.

"ஓடி வா! என் கால் மேல உக்காரு!"

"என்ன அண்ணி?"

"உக்காருடி! முழுசா உக்காரு!"

நாத்தனார் தடுமாறி வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். தையல்காரம்மா மறு கையை நாயின் வயிற்றுக்கு அடியில் விட்டாள். ஈர ரோமம் வழுக்கியது. தொடையைப் பிடித்தாள், விரல் நகம் ஒன்று பிய்ந்தது. இழுத்தாள். நாய் அவள் தலைக்கு மேலேயே ஏறி வந்து விழுந்தது.

மூன்று உயிரும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. நாத்தனார் தன் துப்பட்டாவைக் கழற்றி நாயின் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். மீதிப் பாறையை நின்று கடக்க யாருக்கும் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தார்கள்.

பஸ்ஸில்தான் நாத்தனாருக்குப் பேச்சு வந்தது. "அவர்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. நாய் முழுசா இருக்கு. கமுக்கமா சரி பண்ணிக் குடுத்துடலாம்."

தையல்காரம்மாவுக்குப் பாறையில் இருந்த பயம் இப்போது வேறு உருவம் எடுத்திருந்தது. சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? இனி யார் தன்னை நம்பி ஒரு பையைத் தருவார்கள்?

ஏரிக்காவலர் தையல் பட்டறை வாசலில் காத்திருந்தார். வக்கீல் ஓடிப்போய் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்தது. அவர் துப்பட்டா முடிச்சைப் பார்த்தார்.

"பட்டை கழண்டுபோச்சுங்க. நுனிய மடிச்சுத் தைக்காதது என் தப்பு. பாறையில தொங்கிட்டான்" என்றாள் தையல்காரம்மா.

அவர் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "கத்தினானா?"

"இல்லீங்க. சத்தமே போடல."

அவர் அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "நான் காலையில மேல போயாகணும். இவனக் கூட்டிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதா? அத மட்டும் சொல்லுங்க."

"கொஞ்சம் இருங்க."

விளக்கைக் கிட்ட இழுத்து, பழைய வயிற்றுப் பட்டையைப் பிரித்து எறிந்தாள். நீளமாக ஒரு புதுப் பட்டை வெட்டினாள். நுனியை மடித்து, மறுபடி மடித்து, நகம் பிய்ந்த விரலில் துணி சுற்றிக்கொண்டு ஊசியை ஏற்றினாள். தடிப்பு தோலில் படாமலிருக்க அடியில் மெத்தென்ற துணி வைத்துத் தைத்தாள். முதலிலேயே செய்திருக்கலாம், தோன்றவில்லை. மார்புப் பட்டைக்கும் அதே வேலை. பிறகு பெல்ட்டை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

"கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் இழுங்க. நல்லா இழுங்க. நீயும் வா" என்று நாத்தனாரையும் அழைத்தாள்.

ஏரிக்காவலர் ஒரு பக்கம் கைப்பிடியை இழுக்க, தையல்காரம்மாவும் நாத்தனாரும் மறு பக்கம் வயிற்றுப் பட்டையை இழுத்தார்கள். பட்டை வழுக்கியது. தடிப்பு பக்கிளில் முட்டி நின்றது. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும். வக்கீல் பொறுக்க முடியாமல் மூன்று பேரையும் பார்த்துக் குரைத்தது.

சொட்டிக்கொண்டிருந்த பெல்ட்டைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அதை அவர் பக்கம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.