வெள்ளை பூசிய மலை

"மலைக்கு வெள்ளையடிக்க யார்கிட்ட கேட்டோம்?" என்று எங்கள் ஊர் எவாரிஸ்தா என்னிடம் கேட்டாள். அவளும் சேர்ந்துதான் அடித்தாள்.

பெரு நாட்டு ஆயகுச்சோவில் எங்கள் மலையின் பனிமுடி கரைந்து கருங்கல் தெரிந்துவிட்டது. ஊற்று சுண்டியது. மேய்ச்சல் காய்ந்து, போன வறட்சியில் எவாரிஸ்தா கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்காக்களின் குட்டிகள் நான்கு செத்தன. கல்லை வெள்ளையாக்கினால் சூடு ஏறாது, பனி தங்கும் என்றார் நகரத்திலிருந்து வந்த பொறியாளர். சுண்ணாம்பில் முட்டை வெள்ளையைக் கலந்துகொண்டு ஊரே மேலே ஏறியது. மண்ணை வெட்டுவதாக இருந்தால் கோக்கா இலை புதைத்து மலையிடம் உத்தரவு கேட்போம். இது வெறும் பூச்சுதானே என்று கேட்காமலே விட்டுவிட்டோம்.

பூச்சு பலித்தது. வெள்ளைக் கல்லில் உறைபனி காலை பத்து மணிவரை கிடந்தது. எவாரிஸ்தா தினமும் போய்த் தொட்டுப் பார்ப்பாள். அப்படிப் போன ஒரு காலையில்தான் அங்கே விஸ்காச்சாக்களே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. முயல் காதும் அணில் வாலும் கொண்ட அந்தப் பிராணிகள் விடிந்ததும் கல்மேல் குந்தி வெயில் காயும். இப்போது வெள்ளைக் கல்லில் சூடே இல்லை; இரண்டு மட்டும், பாறை இடுக்கில் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தன.

அந்த வாரமே கிழக்குச் சரிவுக்கும் பூசுவது பற்றி ஊர்க்கூட்டம் நடந்தது.

"அந்தப் பக்கத்த விட்டுடுங்க. அங்கயும் விஸ்காச்சா இருக்கு," என்றாள் எவாரிஸ்தா.

அவள் கொழுந்தன் தொரிபியோ சிரித்தான். "ஏன் மதினி, அதுங்களும் வந்து கை தூக்குமா?"

"வந்தா உன்னவிட நல்லாப் பேசும்."

"உன் குட்டி செத்தப்ப அழுதது யாரு, விஸ்காச்சாவா?"

"நான்தான்டா அழுதேன். தண்ணி எனக்கும் வேணும். அதுக்காக எல்லாக் கல்லையும் எடுத்துக்கணுமா?"

பூசுவது என்றே முடிவானது.

மறுநாள் விடிந்ததும் எவாரிஸ்தா கிழக்குச் சரிவின் உச்சிப் பாறைகளில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளைச் சுற்றிப் பூசிக்கொண்டே வந்தார்கள்.

"எறங்கு மதினி. இல்லன்னா உனக்கும் சேத்துப் பூசிருவேன்."

"பூசு, பாக்கலாம்."

தொரிபியோ பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு இறங்கிப் போனான். ஏழு பாறைகள் கறுப்பாகவே நின்றன.

ஊற்றில் இப்போது தண்ணீர் கொஞ்சம் கூடியிருக்கிறது. அவளுடைய அல்பாக்காக்கள் குடிக்கின்றன. அவளுக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. ஏழு பாறை எத்தனை உயிருக்குக் காணும் என்று தினமும் ஏறிப்போய் எண்ணிவிட்டு வருகிறாள்.

உங்கள் பக்கத்து மலையையோ ஆற்றையோ திருத்த யாராவது கிளம்பினால், எவாரிஸ்தாவின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். வாளியைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.