உச்சி நோட்டுக்கு ஒரு விரல்

பாம்பனில் எங்கள் மாதா கோயில் பேண்டில் கிளாரிநெட் ஊத இரண்டு பேர் இருந்தோம். நானும் என் தாய்மாமா மகனும். எனக்கு மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. மச்சான் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். அவன் ஊதினால் குழைவாக இருக்கும். நான் ஊதினால் தப்பில்லாமல் இருக்கும், அவ்வளவுதான். இது எனக்கே தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த வருடத் திருவிழாவுக்கு பேண்டு மாஸ்டர் ஒரு புதுப் பாட்டு எடுத்தார். சப்பரம் கோயில் வாசலைத் தாண்டும்போது ஒரே ஒரு கிளாரிநெட் மேலே ஏறி உச்சி நோட்டில் நிற்க வேண்டும். யாருக்குச் சுருதி சேர்கிறதோ அவர் ஊதட்டும், மற்றவர் டிரம்முக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். டிரம் அடிக்க ஆள் இல்லை.

இருவருக்குமே சேரவில்லை. இடது ஆள்காட்டி விரலைத் தூக்கினால் சத்தம் மேலே தாவும், ஆனால் ஒரு மயிரிழை இறங்கியே நிற்கும். உதட்டை இறுக்கினால் கீச்சென்று கத்தும். ஒருநாள் வேலை முடிந்து கம்பெனிக்குப் பின்னால் நின்று, போனில் சுருதி பார்க்கிற ஆப்பைத் திறந்துவைத்து, ஒவ்வொரு விரலாக மாற்றிப் பார்த்தேன். வலது சுண்டுவிரலால் கீழே உள்ள ஒரு கீயை அழுத்தியதும் முள் நடுவில் வந்து நின்றது.

மறுநாள் ஒத்திகையில், வலது சுண்டுவிரல் கண்ணில் படாதபடி மச்சான் என் இடப்பக்கம் நிற்கும்படி பார்த்துக்கொண்டு ஊதினேன். எப்படி வந்தது என்று ஆசையாகக் கேட்டான். உதட்டுப் பழக்கம்தான் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். உன் கிளாரிநெட் பழசு, அதில் இந்த நோட்டு வராது என்றும் சொன்னேன். அது அவன் அண்ணன் கொச்சியிலிருந்து வாங்கி வந்த மரக் கிளாரிநெட். என்னுடையது கோயிலில் கொடுத்த பிளாஸ்டிக். நான் சொன்னதை நம்பி அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு டிரம்மை மாட்டிக்கொண்டான்.

ஏழு திருவிழா ஊதினேன். அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் குச்சியைத் தூக்கிப் பிடித்து, நான் முடிக்கும்வரை காத்திருப்பான். ஒரு வருடம்கூட எனக்கு அது இனிக்கவில்லை.

போன மாதம், காற்று பலமாக இருந்து யாரும் கடலுக்குப் போகாத ஒரு காலையில், அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். அத்தனை வருடமும் துடைத்து எண்ணெய் போட்டே வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்குத் தலை குனிந்துவிட்டது.

நான் காட்டிய கீயை அழுத்தி ஊதினான். நோட்டு சுருதியைத் தாண்டி மேலே போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் நிதானமாக வலது கையின் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். மோதிர விரலை மூடியதும் நோட்டு இறங்கிச் சரியாக நின்றது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்த நோட்டை அவ்வளவு குழைவாக ஊதியதில்லை.

இந்தத் திருவிழாவுக்கு நீயே ஊது என்று கெஞ்சினேன். டிரம் கைக்குப் பழகிவிட்டது, வேண்டாம் என்று கிளாரிநெட்டைக் கழற்றத் தொடங்கினான்.

"ஒன் விரலு என் கிளாரிநெட்டுக்கு ஆகல பாத்தியா, மச்சான்? அன்னைக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா உக்காந்து தேடியிருப்போம்ல" என்றான்.