பூட்டிய கதவருகே வண்டியை நிறுத்தியவர்

மண்ணரைத் தெருக்களில் நூலும் ஊசியுமாக வாழும் பெருமக்களே! மரியசெல்வத்தின் கையால் ஒரு குவளைத் தேநீரேனும் அருந்திய தோழியரே, தோழர்களே! நம் பகுதியில் ஒரு துணிச்சுருளுக்கு மழை பட்டால் பத்துப்பேர் ஓடி வருகிறோம். தைத்து முடித்த சட்டைக்குக் கூரை உண்டு, காவல் உண்டு, ஏறிச்செல்லக் குளிரூட்டிய ஊர்தியும் உண்டு. அந்தச் சட்டையைத் தைக்கப் புறப்பட்டு, விடியுமுன் சாலையோரம் காத்து நிற்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஓர் அறை இல்லை. இல்லை என்று சொல்வதும் பிழை. அறை இருக்கிறது. பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டை விட்டுவிட்டு, இந்த இரங்கல் கூட்டத்தில் மரியசெல்வத்தைப் பற்றிப் பேச எனக்கு வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை, ஒரு கூட்டத்துக்கான உரையை எழுதிக்கொண்டிருந்தேன். செல்வத்தின் கணவர் தானியேல் தொலைபேசியில் அழைத்தார். "யக்கா, செல்வம் செத்துப்போயிட்டாக்கா. நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. ஆட்டோ வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு." பிறகு அவரே கேட்டார்: "சனிக்கிழமைக்குன்னு வண்டித் தொட்டி நெறையத் தண்ணி ரொப்பி வச்சிருக்கா. அத என்ன செய்ய?" மேடையில் பேசிப் பிழைப்பவள் நான். எழுதிய உரையை மடித்து வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

அவரை அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கணவரோடு இங்கு வந்தவர் செல்வம். பிசிறு வெட்டும் வேலையில் தொடங்கி, இதே தெருவில் சிறிய பின்னலாடைத் தொழிற்கூடம் ஒன்றை நடத்தினார். வேலை வரத்துக் குறைந்ததும் தையற்பொறிகளை விற்றார். சாயப்பட்டறையிலிருந்து துணிச்சுருள் ஏற்றி வந்த வண்டியை மட்டும் விற்கவில்லை. அதற்குள் பலகை அடித்து மெத்தை போட்டார், அடுப்பு வைத்தார், தண்ணீர்த்தொட்டி பொருத்தினார், பின்மூலையில் திரை கட்டி ஒரு சிறிய கழிவறையும் அமைத்தார். ஓட்டக் கற்றுக்கொண்டதும், "யக்கா, இனிமே சனிக்கெழமதோறும் ஊர் பாக்கப் போவோம்" என்றார். தானியேல் வரமாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு வீட்டுக் கட்டிலே போதும். நான் போனேன். முதல் முறை ஏறும்போது, "உன் ஊர்தி புறப்படட்டும்" என்றேன். "நீங்க ஊர்தின்னு கூப்பிட்டா இது அசையாதுக்கா. வேனுன்னு சொல்லுங்க, ஓடும்" என்றார்.

முதலில் தங்கப் போன இடம் மடத்துக்குளத்துக்கு அருகே ஓர் ஆற்றங்கரைத் தென்னந்தோப்பு. கண்ணுக்கு இனிய இடம் என்ற ஒரே தகுதியால் அதைத் தேர்ந்தோம். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் தோப்புக்காரர் வந்தார். "இருங்க சாமி, தாராளமா இருங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா பொழுது உழுந்தா பாட்டலோட ஒரு கும்பல் வருமுங்க. அது நம்ம பேச்சு கேக்காதுங்க" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. அரைவேக்காட்டுச் சோற்றோடு புறப்பட்டோம். திரும்பும் வழியில் செல்வம் சொன்னது இது: "கடையில தொங்கும்போது எல்லா பனியனும் அழகுதான். தண்ணியில முக்கி எடுத்தாத்தான் அது யாரு அளவுன்னு தெரியும்."

அன்றோடு முறை மாறியது. நம் தொழிலில் மாதிரி ஒன்றைத் தைத்து, துவைத்து, சுருக்கம் பார்த்து, சாயம் விடுகிறதா என்று பார்த்து, அது தேறிய பிறகே மொத்தமாகத் தைப்போம். தங்குமிடத்துக்கும் செல்வம் அதையே செய்தார். பகலில் போய் வண்டியை நிறுத்துவார். தேநீர் போடுவார். பக்கத்துக் கடையில் ஏதேனும் வாங்கிப் பேச்சுக் கொடுப்பார். அவ்வூர்ப் பெண்கள் எவ்வழியே நடக்கிறார்கள், எவ்வழியைத் தவிர்க்கிறார்கள் என்று பார்ப்பார். தேறினால் அடுத்த வாரம் இரவு தங்குவோம். இயற்கைக் காட்சியைப் பற்றி நான் வாய் திறந்தால், "சாம்பிள் ஓகே ஆவட்டும்க்கா, அப்புறம் கவித சொல்லுங்க" என்பார்.

காங்கேயம் பக்கம் ஒரு கோயில் மண்டபம். விளக்கு இருந்தது, குழாய் இருந்தது. பெரியவர் ஒருவர் கும்பிட்டு வரவேற்றார்.

"வாங்க, வாங்க. நீங்க எந்தப் பக்கமுங்க?"

"மண்ணரைங்க."

"அது சரீங்க. அதுக்கு முன்னால?"

"தூத்துக்குடிப் பக்கம் ஐயா."

"அதுஞ் சரீங்க. நீங்க ஆருங்க?"

"பனியன் கம்பெனிக்காரங்க ஐயா. கழுத்தும் கையும் வச்சுத் தைக்கிற ஆளுங்க."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். வாழைப்பழம்கூடக் கொடுத்தார். எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. செல்வம் வண்டியை எடுத்துவிட்டார். "மூணு தரம் முக்கியும் சாயம் விட்டுக்கிட்டே இருந்துச்சு, பாத்தியளா? காலையில நாலாவது தரம் கேப்பாருக்கா. ரிஜெக்ட்."

வண்டி மேட்டில் நின்றால் பின்சக்கரத்துக்கு ஒரு வேப்பங்கட்டையை அண்டை கொடுப்பது அவர் பழக்கம். புறப்படும்போது மறவாமல் அதை எடுத்து உள்ளே போட்டுக்கொள்வார். அண்டை கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுப் போகிறவர்களைத்தான் அவர் உரக்கத் திட்டுவார். வேறு எவரோ விட்டுப் போன கல்லையும் இறங்கிப் போய் ஓரமாகத் தள்ளிவிட்டு வருவார். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார்.

இப்போது அந்தக் கூட்டுச்சாலைக்கு வருகிறேன். வெள்ளகோவிலைத் தாண்டி இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். அப்படிப்பட்ட ஊர்கள் பல. மழையில் வழி தவறி, மாதிரி பார்க்காமலே தங்க நேர்ந்த ஒரே இடம் அதுதான். ஒரு விளக்குக் கம்பம், ஒரு கல் இருக்கை, புதிதாக வண்ணம் பூசிய ஒரு சிறு கட்டடம். அங்கே வண்டியை நிறுத்தி உறங்கிவிட்டோம்.

வண்டியின் வெளிப்புறத்தில் செல்வத்தின் பழைய நிறுவனப் பெயரும் ஒரு பனியன் படமும் அழிக்கப்படாமல் இருந்தன. அழித்துவிடு என்று நான் சொன்னபோதெல்லாம், "இருக்கட்டும்க்கா, சரக்கு வண்டின்னு நெனச்சு போலீசு கேள்வி கேக்காம விட்டுருதான்" என்று மறுத்துவிட்டார். அதன் விளைவு கிழக்கு வெளுக்குமுன் வந்து கதவைத் தட்டியது.

"டிரைவரண்ணா, தொறங்க! இன்னைக்கென்ன இத்தன வெரசா வந்துட்டீங்க?"

செல்வம் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தார். சாப்பாட்டுக் கூடைகளோடு பெண்கள் மடமடவென்று ஏறினார்கள். ஒருவர் என் காலின்மேல் அமர்ந்தார்.

"அய்யோ, ஆரோ படுத்துருக்கறாங்கடி!"

"சீட்டையெல்லாம் எங்கடி காணோம்?"

"மெத்த போட்டுருக்குது பாரு. நம்ம கம்பெனி எப்ப இப்பிடித் திருந்துச்சு?"

"போனசுக்குப் பதிலா இருக்கும். கம்முனு உக்காருடி."

நான் எழுந்து, "அம்மையீர், பொறுத்தருள்க. இது தனிப்பட்ட உறைவிட ஊர்தி" என்றேன்.

"இந்தக்கா நியூஸ் வாசிக்கறாங்கடி" என்றது ஓர் இளங்குரல்.

செல்வம் விளக்கைப் போட்டு, நாங்கள் யார், ஏன் அங்கு நிற்கிறோம் என்று சொன்னார். வண்டி குலுங்கச் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவரான பழனியம்மாள் மட்டும் பின்மூலைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, அந்தத் தெரைக்குப் பின்னால என்னங்க?"

"கக்கூசு."

சிரிப்பு நின்றுவிட்டது. "நாங்க போயிக்கலாமுங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் பழனியம்மாள். "போங்கம்மா, இதுக்கு என்ன கேள்வி" என்றார் செல்வம். நிறுவன வண்டி வந்து சேரும் வரை அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரைக்குள் போய் வந்தார்கள். எங்கள் தொட்டித் தண்ணீர் தீர்ந்தது.

"அந்தக் கட்டடம் என்னது?" என்று செல்வம் கேட்டார்.

"அதுவும் அதுதானுங்க. தொறப்பு விழாவன்னைக்கு ரிப்பன் வெட்டுனாங்க, லட்டு குடுத்தாங்க, பூட்டுனாங்க."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"ராத்திரியிருந்தே தண்ணி குடிக்கமாட்டோமுங்க. கம்பெனிக்குப் போயித்தான் எல்லாம்."

அவர்கள் போன பிறகு செல்வம் கல் இருக்கையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். "என் கம்பெனியிலயும் வந்ததும் வராததுமா பொண்ணுங்க பாத்ரூமுக்குத்தான் ஓடுவாளுவ. மிசினப் பாத்தாலே வயித்தக் கலக்குதா உங்களுக்குன்னு நான் கேலி பண்ணியிருக்கேன். அவளுவளும் சிரிச்சிருக்காளுவ" என்றார்.

அதன்பின் தங்குமிடம் தேர்வதில் ஒரே அளவுகோல்தான் எஞ்சியது. விடியலில் பெண்கள் நிறுவன வண்டிக்குக் காத்து நிற்கும் இடம் எதுவோ, அங்குதான் நாங்கள் தங்கினோம். ஆற்றங்கரையும் மலையடிவாரமும் பட்டியலிலிருந்து போயின. சனிக்கிழமை மாலை போய் நிறுத்துவோம். ஞாயிறும் வேலை நடக்கும் நிறுவனங்கள் நம்மிடையே குறைவில்லை. விடியுமுன் செல்வம் கதவைத் திறந்து வைத்து, படியில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, தேநீருக்கு அடுப்பு மூட்டுவார். அழைக்கமாட்டார். வருகிறவர்கள் வருவார்கள். சுற்றுலா என்று தொடங்கிய முதல் ஆண்டு இவ்வாறாகக் கழிந்தது. "நீ ஊர் பார்க்கவே இல்லையே" என்று ஒருமுறை கேட்டேன். "இவங்கதானக்கா ஊரு" என்றார்.

அந்தப் பூட்டையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு முறை அவ்வழி போகும்போதும் உரிய அலுவலகத்தின் படியேறிக் கேட்டார். நானும் உடன் நின்றேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "தொறந்தா அசிங்கம் பண்ணி வச்சுருவாங்கம்மா. பூட்டியிருக்கறதுனாலதான் சுத்தமா இருக்குதுங்க."

"சமைக்காத சட்டியும் சுத்தமாத்தான் இருக்கும் சார்" என்றார் செல்வம்.

நான் அங்கேயே ஓர் உரை நிகழ்த்த ஆயத்தமானேன். செல்வம் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். "நீங்க பேசினா கைதட்டுவாங்க, தொறக்கமாட்டாங்க. நான் இன்னொரு நாளு வாறேன்." சொன்னபடியே மீண்டும் மீண்டும் போனார். சென்ற வாரம் அந்த மனிதர் இறங்கிவந்தார். குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை, தண்ணீர் இல்லாமல் எப்படித் திறப்பது என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்ன தடை. "இணைப்பு வாற வரைக்கும் தண்ணி நான் கொண்டு வாறேன். நீங்க சாவியக் கொண்டு வாங்க" என்றார் செல்வம். அந்த அலுவலர் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை மாலை, அந்தக் கூட்டுச்சாலையில், சாவியோடு நிற்பதாகச் சொன்னார். அதற்காகத்தான் தொட்டியில் தண்ணீர்.

செல்வத்தை வானளாவப் புகழ எனக்குச் சொற்கள் உண்டு. அது என் தொழில். இன்று அதைச் செய்யப்போவதில்லை. அவரிடமிருந்து எனக்கு எஞ்சுவது எது என்பதை மட்டும் சொல்கிறேன். நினைவுக்கு என்ன வேண்டும் என்று தானியேல் கேட்டார். அந்த வேப்பங்கட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதோ, இந்த மேசைமேல் இருக்கிறது. ஓரிடத்தில் தங்கிப் புறப்படும்போது, பின்னால் வருகிறவர்க்கு இடறலாக எதையும் விட்டுச் செல்லாத ஒரு பெண்ணின் கைபட்ட கட்டை.

ஆனால் அவர் ஒன்றைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார், விரும்பி அல்ல. இன்று சனிக்கிழமை. மாலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வண்டி வெளியே வாசலில் நிற்கிறது. அவர் நிரப்பிய தண்ணீர் அதில் ஒரு சொட்டும் குறையவில்லை. சாவி கொண்டுவருகிற மனிதர் அங்கே எவரையும் காணாவிட்டால், நிம்மதியாகத் திரும்பிப் போய்விடுவார். நாளை விடியலிலும் பழனியம்மாள் தண்ணீர் குடிக்காமல் நிற்பார். ஆகவே மலர் வைத்துக் கலையாதீர்கள். மாலைகளை இங்கேயே விடுங்கள். வாளியும் துடைப்பமும் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்த ஒருவர் முன்னிருக்கைக்கு வாருங்கள். மற்றவர்கள் மெத்தையில் அமருங்கள். தானியேல், வண்டிச் சாவியைக் கொடுங்கள். எழுங்கள், புறப்படுவோம்!