புகையே சரக்கான கொட்டகை

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி லீவில் திருகோணமலைக்குப் போனேன். கொழும்புத் துறைமுகத்தில் இழுவைப் படகின் பொய்லருக்கு நெருப்புப் போடுவது அப்போது என் வேலை. கோணேசர் தரிசனம் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் ரபீக்கைப் பார்க்கத்தான் போனேன். முன்பு என்னோடு அதே படகில் கரி வாரியவன், கிண்ணியாக்காரன். அவனுடைய சிரிப்பு இல்லாமல் அந்தப் படகு எனக்குச் சலித்துப் போயிருந்தது.

காலை ஆறரைக்கு இரவுக் கோச்சி ஸ்டேஷனில் இறக்கியது. உட்துறைமுகக் கரைக்கு இரண்டு மைல். வெயிலுக்கு முன் நடந்துவிடலாம். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ரபீக் உலை பார்த்தான். எண்ணெயைப் பனிபோல் உலைக்குள் தூவுவார்கள். ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூட்டில், காற்றுப் போதாமல் அது அரைகுறையாக எரிந்து, கண்ணுக்குத் தெரியாத கரித்துகளாகும். துணிப்பைகள் அதைப் பிடிக்கும். பெயிண்டுக்கும் அச்சு மைக்கும் அதுதான் கறுப்பு. இன்று இதற்கு நானோ என்று பெரிய பெயர். உலையை நிறுத்த முடியாது. ஆறினால் செங்கல் வெடிக்கும், திரும்ப மூட்ட ஒரு கிழமை, ஏழு நாளும், வேண்டும்.

ஒன்பது மணிக்குச் சைக்கிளில் செய்தி வந்தது. ரபீக்கின் வாப்பா மவுத். கிண்ணியாவில், மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மாற்றாள் வருவது நாலு மணிக்கு.

"நீ போ மச்சான், நான் பார்க்கிறன்" என்றேன்.

அவன் உடனே போகவில்லை. அரை மணி நேரம் நின்று ஒவ்வொரு வால்வாகத் தொட்டுக் காட்டினான். "காத்தைக் கூட்டிராத. புகை கறுப்பா வந்தாத்தான் சரி."

"ஓம்" என்றேன்.

அவன் போய் ஒரு மணி நேரம் இருக்கும். புகைபோக்கி கரேலென்று கக்கியது. படகில் அப்படிப் புகை விட்டால் கப்டன் என் பரம்பரையையே இழுப்பார். பன்னிரண்டு வருடப் பழக்கம். கை தானாகப் போய்க் காற்றைத் திறந்தது. புகை தெளிந்தது. எனக்குப் பெருமை வேறு. நாலு மணிக்கு மாற்றாள் பைகளைத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. கரி முழுவதும் எரிந்து காற்றோடு போயிருந்தது. அவர் காற்றைக் குறைத்தார், புகை கறுக்க நேரம் எடுத்தது.

ஐந்தரைக்கு ரபீக் வந்தான். நான் வாய் திறக்குமுன், "பஸ்ஸில இருந்தே புகைபோக்கியப் பாத்தனான், கறுப்பில்ல" என்றான். கோபம் இல்லை.

"அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தியா?"

"மண் போட்டிட்டன். முகம் பாக்கக் கிடைக்கல்ல. ஒரு பாதை பிந்திட்டன்." பாதை என்று அங்கே சொல்வது ஆட்களையும் பஸ்ஸையும் அக்கரை சேர்க்கும் மிதவையை.

இப்போது போகிறவர்களுக்குப் பாலம் இருக்கிறது. பஸ் நேரே கிண்ணியாவுக்குப் போகும். கொட்டகையைத் தேட வேண்டாம், இப்போது அது இல்லை. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். போன முறை நான் பாலத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று அந்த ஒரு பாதையை அவன் தவறவிட்டது, எனக்கு வால்வு காட்டி நின்ற அரை மணி நேரத்தில்தான்.