மெழுகு தேய்த்த விளிம்பு

திருகோணமலைக்குப் போய்வந்தவர்கள் கடலைப் பற்றிச் சொல்வார்கள். நான் தரையைப் பற்றித்தான் சொல்வேன். ஸ்கேட்போர்ட் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கண் எப்போதும் கீழேதான். எந்தத் தெருவில் தார் சொரசொரப்பு, எந்த வாசலில் சீமெந்து வழுவழுப்பு, எந்தக் கட்டின் விளிம்பு இன்னும் உடையாமல் நேராக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். மலைக்கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்திலும் நான் படிக்கட்டின் ஓரத்தைக் கால் பெருவிரலால் தடவிப் பார்த்தேன்.

"சாமியைப் பாரும். படியைப் பாக்கவோ இங்க வந்தனீர்?" என்றார் கணவர்.

அவருக்கு அங்கே ஒரு கிழமை வேலை. ஒரு கந்தோரில் புதிய கணினிகளைப் பூட்டிக் கொடுக்க வேண்டும். நானும் கொழும்பில் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். உப்புவெளியில் அறை எடுத்திருந்தோம். காலையில் அவர் வேலைக்குப் போனதும் நான் பலகையைப் பைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் போய்விடுவேன்.

நான் கூடப் போனதற்குக் காரணம் இருந்தது. எங்கள் விளையாட்டில் ஒரு வித்தை உண்டு. ஓடிவந்து பலகையோடு எம்பி, முழங்காலளவு உயரமான சீமெந்துக் கட்டு ஒன்றின் மேல் ஏறி, சில்லுகளைத் தாங்கும் இரும்பு அச்சு விளிம்பில் உராய வழுக்கிக்கொண்டு போய் மறுமுனையில் இறங்க வேண்டும். சீமெந்து வறண்டிருந்தால் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பலகை நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். அதற்காகத்தான் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்ப்போம். முந்தின வருடம் கொழும்பில் ஒருநாள் நான் தேய்த்தது போதவில்லை. கணுக்கால் முறிந்து, உள்ளே தகடு வைத்து, மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தேன். பிறகு டொக்டர் கால் சரி என்றார். அதைக் காலுக்குச் சொல்லி நம்பவைக்கத்தான் ஒருவராலும் முடியவில்லை. பலகையில் ஏறி நேராக ஓடுவேன், திரும்புவேன், கட்டுக்குக் கிட்டே வந்ததும் கால் தானாகக் கீழே இறங்கிவிடும்.

கொழும்பில் தெரிந்தவர்கள் முன்னால் முயன்று பார்க்க வெட்கமாக இருந்தது. என்னோடு பழகியவர்கள் எல்லாரும் என்னைவிட இளையவர்கள். என்னை ஒருவரும் அறியாத ஊரில் அந்த வித்தையை ஒரே ஒரு தடவை செய்துவிட வேண்டும், இந்தக் கிழமைக்குள் செய்ய ஏலாவிட்டால் பலகையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு இந்த விளையாட்டையே மறந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். கணவருக்கும் அதைச் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊரில் நல்ல சீமெந்துக்குக் குறைவில்லை. ஆனால் நல்லதெல்லாம் கம்பிவேலிக்கு உள்ளே இருந்தது. ஒரு வாசலில் காவலுக்கு நின்றவர் என் பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்து, சில்லை விரலால் சுழற்றிவிட்டு, தலையை ஆட்டிச் சிரித்தபடியே திருப்பித் தந்தார். கடற்கரை நடைபாதையில் மணல். ஒரு சிறு மணி போதும், சில்லு இறுகிவிடும். பஸ் நிலையத்துக்குக் கிட்டே ஒரு முற்றம் கண்ணாடிபோல் கிடந்தது. அதில் மான்கள் படுத்திருந்தன. இந்த ஊரில் தெருவெல்லாம் மான்கள் திரியும், அவற்றுக்குத்தான் முதலிடம். அவை எழும்பிப் போன பிறகு போட்டுவிட்டுப் போன புழுக்கைகளைப் பார்த்துவிட்டு நானும் போய்விட்டேன். ஆட்டோக்காரர் ஒருவர் கந்தளாய்ப் பக்கம் நெல் காயப்போடும் தளங்கள் இருப்பதாகச் சொன்னார். அறுவடைக் காலத்தில் அங்கே போய்ச் சறுக்கினால் என்னையும் சேர்த்துக் காயப்போட்டுவிடுவார்கள்.

பின்னேரங்களில் கணவரிடம் முறைப்பாடு சொல்வேன். இங்கே தரை சரியில்லை, அங்கே ஓடிவர இடம் போதாது, மற்ற இடத்தில் விளிம்பு உடைந்திருக்கிறது.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," என்றார் அவர், சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால்தான் வந்தது. விளிம்பு உடைந்திருக்கிறது என்று நான் சொன்ன, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கட்டு உண்மையில் நல்ல கட்டு. நான்தான் அதில் ஒரு வெடிப்பைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

அடுத்த நாள், பிழை சொல்ல ஒன்றுமே இல்லாத ஓர் இடம் அகப்பட்டது. உட்துறைமுகக் கரையோரமாகப் போகும் தெருவிலிருந்து சற்று உள்ளே, பழைய களஞ்சியம் ஒன்று இடிந்து அதன் பின்சுவர் மட்டும் நின்றது. ஒரு காலத்தில் வள்ளங்களிலிருந்து இறக்கிய சாமான்களை வைத்திருப்பார்கள் போல, சுவரை ஒட்டினாற்போல முழங்கால் உயரத்தில் நீளமான மேடை. முன்னால் வழுவழுப்பான தரை. சுவர் காற்றை மறித்தது. வேலியும் இல்லை, காவலும் இல்லை. விளிம்பு மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு.

சந்திக் கடையில் மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் வாங்கிவந்தேன். சொரசொரப்பான சீமெந்தில் மெழுகைத் தேய்த்தால் மட்டும் போதாது, உருக்கி ஊற்ற வேண்டும், அப்போதுதான் துவாரங்களுக்குள் இறங்கும். திரியைக் கொளுத்தி விளிம்பு நெடுகச் சொட்டுவிட்டேன். பிறகு நன்றாகத் தேய்த்தேன். வெயில் தாழும்வரை ஓடி ஓடி வந்தேன். ஒவ்வொரு தடவையும் மேடைக்கு ஒரு முழம் முன்னால் கால் இறங்கிவிட்டது. கடைசியில் மிஞ்சிய மெழுகுதிரித் துண்டை நாளைக்கு உதவும் என்று அதன் மெழுகிலேயே மேடை ஓரத்தில் ஒட்டி நிறுத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது என் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மெழுகுதிரி எரிந்து முடிந்திருந்தது. அதன் அடியில் ஒரு செவ்வரத்தம்பூ. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆரோ என் இடத்தில் கைவைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பூவை எடுத்து அப்பால் வைத்துவிட்டு ஓடத் தொடங்கினேன். அன்றும் கால் இறங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் போனால், மூன்று நான்கு திரிகள், ஊதுபத்திச் சாம்பல், ஒரு சரம் மல்லிகை. உருகிய மெழுகு விளிம்பால் வழிந்து தரைவரை வந்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. பாதி எரிந்த திரியையும், மெழுகு படிந்து கறுத்த விளிம்பையும் பார்த்தவர்கள், இங்கே ஆரோ இறந்திருக்கிறார்கள், அவர்களுடைய ஆட்கள் வந்து திரி கொளுத்துகிறார்கள் என்று எண்ணிவிட்டார்கள். கடலில் போனவர்களும் காணாமற் போனவர்களுமாக நிறையப் பேருக்காகத் திரி கொளுத்திப் பழகிய கரை இது. ஒரு திரியைக் கண்டால் ஏன் என்று கேட்கமாட்டார்கள், தாங்களும் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்கும் அடியில் ஒரு நிம்மதி இருந்ததை நான் மறைக்கப் போவதில்லை. இனி அந்த இடத்தில் ஓட ஏலாது. நான் பயத்தில் விட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. மரியாதைக்காக விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்றிரவு கணவரிடம் அப்படித்தான் சொன்னேன்.

"மேடை கோணல் எண்டது போய், இப்ப மேடையில விளக்கும் வைச்சாச்சு," என்றார்.

நான் போய்ப் படுத்துவிட்டேன்.

கடைசி நாள் பின்னேரம், மேடையடியில் மறந்து விட்டுவந்த நெருப்புப் பெட்டியை எடுத்துவரலாம் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். பலகையையும் கொண்டுபோனேன். மேடைக்குக் கிட்டே ஒரு பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். கந்தோர் விட்டு வருகிறாள் என்பது சேலையிலும் தோள்பையிலும் தெரிந்தது. கையில் இருந்த திரியைக் கொளுத்தி என் துண்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது நீங்கள் வைச்சதோ?" என்று என் துண்டைக் காட்டிக் கேட்டாள்.

"ஓம்."

"உங்கட ஆர்?"

சட்டென்று ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ சொல்லித் தப்பியிருக்கலாம். வாய்க்கு வரவில்லை. பலகையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். எம்புவதையும், வழுக்குவதையும், எதற்காக மெழுகு பூசுவது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் சிறுத்துக்கொண்டே போனது.

"அப்ப இங்க ஒருத்தரும் சாகேல்லையோ?"

"எனக்குத் தெரிய இல்லை. குறை நினைக்காதேங்கோ."

அவள் மேடையில் உட்கார்ந்தாள். கோபிக்கிறாளா என்று முகத்தில் தேடினேன், தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள். வீடு சாம்பல்தீவில். அங்கிருந்துதான் அவளுடைய தம்பி வள்ளத்தில் போனான். வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை.

"வீட்டில அவன்ர படம் இருக்கு. படத்துக்கு விளக்கு வைக்க அம்மா விடமாட்டா. விளக்கு வைச்சால் அவன் செத்துப்போனான் எண்டு நாங்களே சொன்னமாதிரியாம். அவனுக்கு இப்பவும் ராவில சோறு போட்டு மூடி வைக்கிறவ. நான் எங்க போய் வைக்கிறது? கோயிலில வைச்சாலும் ஊர்ச்சனம் பாத்து அம்மாட்டச் சொல்லிப்போடும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்டைக்கு பஸ்ஸுக்கு நடக்கேக்க உங்கட திரியைக் கண்டனான். என்னைப்போல ஒராள் இருக்கு, அவவும் வீட்டில வைக்க ஏலாமத்தான் இங்க வந்து வைக்கிறா எண்டு நினைச்சன். அந்தத் துணிவிலதான் வைச்சனான்."

அவள் நம்பி வந்த அந்த ஆள் நான் இல்லை என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"அப்பிடி ஒராள் இல்லாமப் போச்சு," என்றேன்.

"பரவாயில்லை. நான் வைச்சிட்டன் தானே." என் பலகையைக் காட்டினாள். "நீங்கள் வந்த அலுவல் முடிஞ்சுதோ?"

"இல்லை. பயமாக்கிடக்கு. காலையில ஊருக்குப் போறம்."

அவள் எழும்பினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எரிந்து முடிந்த திரிக்கட்டைகளையும் பூச்சரத்தையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து மேடையின் ஒரு கோடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அன்று கொளுத்திய திரியைக் கைக்குள் மறைத்து அணையாமல் எடுத்துப்போய் அங்கேயே நட்டாள்.

"அந்தப் பக்கம் எனக்கு. மற்றது முழுக்க உங்களுக்கு. ஓடுங்கோ, பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு."

இதற்கு மேல் பிழை சொல்ல மேடையில் ஒன்றும் இல்லை. தூரத்திலிருந்து ஓடிவந்தேன். கால் இறங்கிவிட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கணுக்காலுக்குள் இருக்கும் தகட்டை நினைத்துக்கொண்டேதான் எம்பினேன். இரும்பு அச்சு விளிம்பில் உட்கார்ந்தது. அங்கே என் மெழுகு மட்டும் இருக்கவில்லை. நான் அறியாத ஆட்கள் தங்கள் ஆட்களுக்காகக் கொளுத்தியது வழிந்து விளிம்பை மூடியிருந்தது, இரும்பு எங்கேயும் பிடிக்கவில்லை. மேடை முடியும்வரை வழுக்கிப் போனேன். நினைத்ததைவிட வேகமாக, அவளுடைய திரி நின்ற பக்கத்தையும் தாண்டிப் போய்விட்டேன். கோடியில் தரையில் இறங்கி, தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் நின்றது.

திரும்பிப் பார்த்தபோது அவளுடைய திரி அணைந்து புகைந்துகொண்டிருந்தது. நான் போன காற்று பட்டுவிட்டது.

பலகையை விட்டுவிட்டுத் திரியடிக்கு ஓடினேன். "ஐயோ, அணைச்சுப்போட்டன்," என்றேன்.

அவள் குனிந்து என் நெருப்புப் பெட்டியை எடுத்தாள்.

"அணைஞ்சால் என்ன? கொளுத்தத்தானே வந்தனான்," என்று சொல்லித் திரும்பக் கொளுத்தினாள். பிறகு பெட்டியைத் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது என்னட்டை இருக்கட்டும். நாளைக்கும் வேணும்."

இரண்டு பேரும் பஸ் நிலையம்வரை நடந்தோம். அவள் சாம்பல்தீவு பஸ்ஸில் ஏறினாள். மான்கள் தெருவை மறித்துக்கொண்டு நின்றதால் பஸ் வெளிக்கிடச் சற்றுச் சுணங்கியது. யன்னலால் கையைக் காட்டினாள்.

அறைக்கு வந்ததும் கணவர் என் காலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"மேடை எப்பிடி?" என்றார்.

"நேர்," என்றேன். பிறகு அழுதேன். அவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

பலகையை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. இப்போதும் விடுமுறை நாட்களில் ஓடப் போகிறேன், விளிம்புகளுக்கு மெழுகு தேய்க்கிறேன். ஒரேயொரு பழக்கம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மிஞ்சிய துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவேன். இப்போது வீட்டுக்கு வெளிக்கிடும்போது அதைக் கொளுத்தி, கட்டின் ஓரத்தில் ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் வருகிறேன்.