ஹாலந்துக்காரர் கொடுத்த நற்சான்று

எழுபதுகளின் பின்பாதியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு ஹாலந்துக்காரர் குடியிருந்தார். செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் தேடி வருகிற ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. அவருக்கு முப்பத்தைந்து வயது, ஆறடிக்கு மேல் உயரம், தலை நிறைய முடி. இந்தக் கடைசி விஷயத்தை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு அப்போது இருபத்தொன்பது வயதுதான். தலையில் முடியோ, அந்தக் காலத்தில் எங்கள் மொட்டை மலை மேல் மரம் இருந்த அளவுக்குத்தான் இருந்தது.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் ஒரு சர்க்கார் ஆபீசில் எழுத்தர். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவன் என்பதால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று தெரு நம்பியது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. ஆகவே வெள்ளைக்காரருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அவர் பெட்டியை இறக்கி வைத்த அன்றே, அம்மா மாடிப்படியில் அவரை மடக்கிவிட்டாள்.

"தம்பிக்கு எவ்ளோ சம்பளம்னு கேளுடா."

கேட்டேன். நடுத்தெருவில் வேட்டியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி அந்த மனிதர் முகம் சிவந்துபோயிற்று.

"என் கூடப்பிறந்த அண்ணன் சம்பளமே எனக்குத் தெரியாது" என்றார்.

இப்போது அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கூடப்பொறந்தவன் சம்பளம் தெரியாதா? சொத்துத் தகராறாடா? பேச்சுவார்த்தையே இல்லியா?"

"ரொம்பப் பிரியமா இருப்பாங்களாம்மா. ஆனா கேட்டுக்க மாட்டாங்களாம்."

"சரி, இந்த வயசுக்கு ஏன் கல்யாணம் ஆகல? ஒடம்புல ஏதாவது கோளாறான்னு கேளு."

பின்பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. முன்பாதிக்கே அவர் மாடிப்படிக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் அவர்கள் நாட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டார்களாம்.

"இதெல்லாம் கேக்கலன்னா அந்த ஊர்ல மனுசங்க இன்னாதான்டா பேசிப்பாங்க?"

விசாரித்துச் சொன்னேன். மழை, குளிர், மேகம் இவற்றைப் பற்றிப் பேசுவார்களாம்.

"நம்ம ஊர்ல அதைப் பேசினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிபூடுமே! வெயிலு. அவ்ளோதானே?"

அடுத்த வாரம் அதிர்ச்சி அவர் பக்கம் திரும்பியது. கடைத்தெருவுக்குப் போகிற வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். அவரும் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, ரெண்டு வாழைப்பழம், ஒரு ரொட்டி என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். அது சும்மா கேட்பது, பதில் சொல்ல வேண்டாம் என்று நான் விளக்கினேன். சும்மா கேட்கிறார்களா என்று பார்த்துவிடலாமே என்று ஒரு நாள் சைக்கிள் கடை பாயிடம், "இல்லை, சாப்பிடவில்லை" என்று சொல்லியிருக்கிறார். பாய் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, கடையைச் சாத்தி, இவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். பாய் வீட்டு அம்மா தனக்கு வைத்திருந்த சோற்றையும் குழம்பையும் இவர் தட்டில் போட்டிருக்கிறது. மனிதர் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"நீ சும்மா என்று சொன்னாயே! உன் ஊரைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்றார். உண்மைதான்.

இன்னொரு நாள் எதிர்வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்கப் பெண்வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணம் பேசுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்ப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதானே. அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து, "தங்கமான புள்ளைங்க, தெருவுல தலை நிமிந்து நடக்க மாட்டான்" என்றாள். போன வாரம்தான் அவனைச் சீட்டாட்டத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. தலைநிமிராமல் நடந்ததற்கு அதுதான் காரணம்.

"உன் அம்மா ஏன் பொய் சொன்னார்கள்?" என்று ஹாலந்துக்காரர் கேட்டார்.

"கல்யாண விஷயத்தில் அது பொய் இல்லை. மரியாதை."

"எங்கள் ஊரில் கேட்டால் உள்ளதைச் சொல்வோம். சொல்லப் பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொள்வோம்."

அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவர் தமிழும் கற்றுக்கொண்டிருந்தார். வாத்தியார் வைத்து இல்லை. மாடியில் உட்கார்ந்தபடி, கீழே அம்மா பேசுவதைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். வீட்டில் அம்மா பேசுவது என்னிடம் மட்டும்தான்; என்னிடம் பேசுவது திட்டுவதற்கு மட்டும்தான். அப்படியாக நாலே மாதத்தில் அந்த மனிதருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் என்னை ஏசுகிற தமிழாக இருந்தது. இந்த ஆபத்தும் எனக்கு உறைக்கவில்லை.

இனி என் கல்யாணக் கதைக்கு வருகிறேன். ஆறு இடம் பார்த்து ஆறும் தட்டிப்போயிருந்தது. ஐந்து வீட்டில் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஆறாவது வீட்டில் என்னையே பெண்ணின் தகப்பனாருக்கு வந்த விருந்தாளி என்று நினைத்து, "மாப்பிள்ளைப் பையன் எப்போ வராரு?" என்று கேட்டுவிட்டார்கள். ஏழாவதாகப் போளூரில் ஒரு பெண். இதுவும் போனால் இனி எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒரு யோசனையும் தோன்றியது.

"வெள்ளக்கார தம்பியையும் கூட்டினு போலாம்டா. நம்மகூட ஒரு தொரை வந்தா மதிப்பா இருக்கும். உன்னையும் உத்துப் பாக்க மாட்டாங்க."

பெற்ற தாய் சொன்னது. அவரும் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்.

போளூர் வீட்டில் ஜமக்காளம் விரித்து, கேசரி, பஜ்ஜி எல்லாம் வந்தன. அம்மா சொன்னபடியே ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் நெருக்கியடித்த தெரு முழுக்க அவரைத்தான் பார்த்தது. பெண் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

ஹாலந்துக்காரர் என் பக்கம் குனிந்து, "அந்தப் பெண்ணிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?" என்றார்.

"தொரை இன்னா சொல்றாரு தம்பி?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"காபி பிரமாதம்னு சொல்றாருங்க."

பெண்ணுக்குப் பாடத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று அம்மா கேட்டு முடித்தாள். அப்போதுதான் அது நடந்தது. பெண் தலையை நிமிர்த்தி, "அப்பா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

அவள் அப்பா வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் கேள்வி கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"அந்தத் தொரை இவங்க வூட்டுல நாலு மாசமா இருக்காராமே. இவரு எப்படின்னு அவரைத்தான் கேக்கணும்" என்றவள், என்னைப் பார்த்து, "நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அந்த நொடியில் இந்தப் பெண்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் கெட்ட நேரத்தைப் பாருங்கள்.

வேறு வழியில்லாமல், "நான் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறார்கள்" என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல மனசு உள்ளவன்" என்று ஆரம்பித்தார். எல்லாரையும் சிரிக்க வைப்பான் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சரியான சோம்பேறி, நாலு மாதத்தில் ஒரு தட்டு கழுவி நான் பார்த்ததில்லை, ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும், மாடியில் என் சிகரெட்டைப் பிடித்துவிட்டுக் கிராம்பு மென்றுகொண்டு கீழே இறங்குவான் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். 

"ரொம்ப நல்லவருன்னு சொல்றாருங்க" என்றேன். "எல்லாரையும் சிரிக்க வைப்பேனாம்."

"அவ்ளோ நேரம் பேசினாரு, இவ்ளோதானா?" என்றாள் பெண்.

"இங்கிலீஷ்ல கொஞ்சம் வார்த்தை ஜாஸ்தி செலவாகும்."

ஹாலந்துக்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பாதிச் சரக்கு வழியிலேயே காணாமல் போய்விட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் விரலை நீட்டி, தன்னிடம் இருந்த தமிழை எடுத்தார்.

"சோம்பேறி" என்றார். உச்சரிப்பு அப்படியே அம்மாவுடையது. "எருமை. தட்டு கழுவாது. அஞ்சு நிமிசம் சொல்லும், ரெண்டு மணி நேரம் வரும்." அடுத்ததற்கு வார்த்தை தெரியவில்லை போலும். "மாடி மேல..." என்று இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகை விட்டுக் காட்டினார்.

ஜன்னலில் இருந்த தெரு கொல்லென்று சிரித்தது.

அம்மாதான் பதறிப்போய்விட்டாள். "ஐயய்யோ, அதெல்லாம் நான் கோவத்துல சொல்றதுங்க! தினமும் சொல்றதுதான்!" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி, மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகத்தையும் தீர்த்துவைத்தாள்.

"சிகரெட்டு வேறயா தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

"அது அவரோட சிகரெட்டுங்க" என்றேன். என் கல்யாணத்துக்காக நான் வாதாடியது இவ்வளவுதான்.

திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "இந்த ஆளை எவன்டா கூட்டினு வரச்சொன்னது?"

"நீதாம்மா."

ஹாலந்துக்காரர் கலங்கிப்போயிருந்தார். "அந்தப் பெண் கேட்டாள், நான் சொன்னேன். ஏதாவது பொய் சொல்லிவிட்டேனா?"

"இல்லை. அதுதான் கஷ்டம்."

"அவள் வாழப்போகிற வீடு. அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

 அதற்கு அப்புறம் மூன்று நாள் அம்மா வீட்டில் என்னைத் திட்டவே இல்லை. மாடியில் ஒருத்தர் எழுதிக்கொள்கிறார் என்கிற பயம். நானோ போளூர்ப் பெண் தலையை நிமிர்த்திக் கேட்ட அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு ஆபீசில் தப்புத்தப்பாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, நான் ஆபீசில் இருந்த நேரத்தில் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்களைப் பார்க்க அல்ல, மாடிக்காரரைப் பார்க்க. சொந்தத்தில் ஒரு இங்கிலீஷ் வாத்தியாரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். என் மொழிபெயர்ப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு மணி நேரம் மாடியில் பேச்சு. அம்மா படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். எல்லாம் ஆங்கிலம்.

"சிரிச்சாங்கடா. மூணு தடவ சிரிச்சாங்க. ஒரு தடவ ரொம்ப நேரம் சத்தமே இல்ல" என்றாள்.

நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். "என்ன கேட்டார்கள்? என்ன சொன்னீர்கள்?"

"அது அவர்களுக்கும் எனக்கும் நடுவில்" என்றார் அவர். "ஒருவரைப் பற்றி நம்பிக் கேட்டால், அதை அவரிடமே போய்ச் சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை."

அதிர்ந்துபோனேன். போளூரில் ஒரு தெருவே கேட்கும்படி என்னை எருமை என்று சொன்ன மனிதர்! கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒரு வாரம் அவர் சிகரெட்டைத் தொடாமல்கூட இருந்து பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் போளூரிலிருந்து கடிதம் வந்தது. பெண்ணுக்குச் சம்மதம், நல்ல நாள் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். அம்மா கடிதத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். விலாசம் சரிதானா என்றும் பார்க்கச் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. ஹாலந்துக்காரர் வேட்டி கட்டி வந்தார். அடுத்த வருஷம் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். கல்யாணமான முதல் வாரமே நான் என் மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி மாடியில அவரு இன்னாதான் சொன்னாராம்?"

"நல்லதும் சொன்னாரு, கெட்டதும் சொன்னாராம்."

"கெட்டது எனக்குத் தெரியும். நல்லது இன்னா?"

"அதைச் சொன்னா நீங்க கெட்டுப்போயிடுவீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பத்து வருஷம் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். மாமனார் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். அந்த இங்கிலீஷ் வாத்தியார்தான் மோசம். எண்பதுகள் முழுக்கப் போளூர் பஸ் ஸ்டாண்டில் எங்கே என்னைப் பார்த்தாலும், தலை முதல் கால் வரை ஒரு தரம் பார்ப்பார், சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

"சௌக்கியமா மாப்ளே?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.