பின்னால் கட்டிய கைகள்

இன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவர் பத்மா மேடம் ஒருவர்தான். எடுத்ததுமே, "மேடம், ஆர்டர் வந்துடுச்சு. வியாழக்கிழமை மெஷின் வருது. எல்லாம் போச்சு" என்று கொட்டிவிட்டேன். மறுமுனையில் இருந்தவர் அவருடைய கணவர். "அவ போயிட்டா சார்" என்றார். என் அவசரபுத்தி இன்றும் என்னை விடவில்லை.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் பூங்காவின் ஞாயிறு நடைக்கு வந்தவர்களுக்குப் பத்மா மேடத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கியது அது. அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசரான அவருக்கு வாரம் முழுக்க ஃபைல், ஞாயிறு காலை பறவை. பூங்காவின் பின்மூலையில் யாரும் சீண்டாத முட்புதர்தான் அவருடைய வகுப்பறை. அங்கே நுழையுமுன் எல்லாக் குழந்தைகளும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "கண்ணால எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ. கை மட்டும் பின்னாடி" என்பார். தமிழ் புரியாத பிள்ளைகளுக்கு "ஹாத் பீச்சே!" ஒருமுறை கிளையை வளைத்துக் காட்டப்போன வங்கி மேனேஜருக்கும் அதே உத்தரவு. மனிதர் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டார்.

கை வைத்தவன் நான். போன வருடம் மழைக்காலத்தில், அந்த மூலையை அப்படியே விட்டுவைக்கலாமா என்று பார்க்கப் பூங்காத் துறை அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். மேடம் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரிய மனுஷர் வருகிறாரே, இடம் பளிச்சென்று இருக்கட்டும் என்று மற்ற தொண்டர்களைக் கூட்டிவந்து, இரண்டே நாளில் புதரை வெட்டி, சருகையெல்லாம் வாரிக் குவித்தேன். அதிகாரி வந்தார், சுற்றிப் பார்த்தார். "அரே, இத்னி காலி ஜகா!" என்றார். இவ்வளவு காலி இடமா என்று வியந்தவர் அங்கேயே நீரூற்றுக்கு அளவெடுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மேடம் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தார். குப்பைக் குவியலில் செம்போத்தின் கூடு கிடந்தது. பக்கத்தில் உடைந்த வெள்ளை முட்டைகள். அவர் நிமிர்ந்து, "ஆள் வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்குவாங்க. நீங்க வீட்டையே வாரிட்டீங்களே சார்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நீரூற்றை நிறுத்தச் சொல்லி மனு மேல் மனு. படுக்கையில் இருந்தபடியே என் வரிகளை அடிப்பார். "கெஞ்சாதீங்க சார். அங்க என்ன இருக்குன்னு எழுதுங்க." அங்கே என்ன இருக்கிறது, நான்தான் மொட்டையடித்துவிட்டேனே என்றேன். "வேர் இருக்கு. மழை வரட்டும்" என்றார். இந்த ஜூலையில் புதர் இடுப்பளவுக்குத் துளிர்த்தது. ஒரு காலை உள்ளிருந்து செம்போத்து கூப்பிட்டது. மொபைலில் அவரை அழைத்து, போனைப் புதர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பக் காதில் வைத்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

அது அங்கே கூடு கட்டியிருக்கிறது. நீரூற்றுக்குக் குழி தோண்ட நாளை மறுநாள் மெஷின் வருகிறது. தட்டாத கதவில்லை. திறந்தவர்கள் எல்லோரும் காட்டுவது நான் சுத்தம் செய்து கொடுத்த அந்த இடத்தின் போட்டோவை. இதைச் சொல்லி அழவும் இனி அவர் இல்லை.

அவரைத் தெரிந்தவர்களே, என்னிடம் யோசனை எதுவும் மிச்சமில்லை. அவர் கொடுத்த ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. வியாழன் காலை அந்தப் புதருக்கும் மெஷினுக்கும் நடுவில் போய் நிற்கப்போகிறேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பலன் இருக்கும் என்று நான் நம்பவில்லை. நீங்களும் வாருங்கள்.